தினமும் தண்ணீர் ஊற்றியும் கன்று காய்கிறதே, ஏன்?

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் ஒரு தோட்டக் கோயிலின் இளைஞர் குழுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “டிசம்பர் நடுவில் கோயிலைச் சுற்றியும், தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயன் வீடுகள் இருந்த மேட்டிலும் 24 கன்றுகள் நட்டோம், ஐயா. வேம்பு, மா, பலா, தென்னை, இரண்டு நாகலிங்கம். தினமும் சாயங்காலம் ரப்பர் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறோம். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனாலும் பொங்கல் முடிந்ததிலிருந்து இலை ஓரம் கருகிக் கொட்டுகிறது. இன்னும் அதிகமாகத் தண்ணீர் விட வேண்டுமா, மருந்து ஏதாவது அடிக்க வேண்டுமா?”

மருந்து வேண்டாம், தம்பி. உரமும் இப்போது வேண்டாம். நீங்கள் விடும் தண்ணீர் கன்றின் வேர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்து நர்சரியிலும் மறுநடவு வேலையிலும் என் காலம் போயிருக்கிறது. மேலே மண் கறுத்து ஈரமாகத் தெரியும், உள்ளே வேர்க்கட்டி தூள் தூளாகக் காய்ந்திருக்கும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த வேர்க்கட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கிய கன்று பாலிபேக்கில், அதாவது பிளாஸ்டிக் பையில், வளர்ந்தது. சாதாரணமாக 15 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது மொத்தமே மூன்றரை லிட்டர் மண். டிசம்பரில் நட்ட கன்றின் வேர் இன்னும் பெரும்பாலும் அந்த மூன்றரை லிட்டருக்குள்தான் இருக்கிறது. வெளி மண்ணில் கால் ஊன்ற அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கட்டி முழுக்க நனைந்தாலும் கன்று உறிஞ்சக்கூடிய தண்ணீர் ஒரு லிட்டர் தேறும், அவ்வளவுதான். இந்த வெயிலில், இலை நிறைய உள்ள ஒரு மாங்கன்று அதை ஓரிரு நாளில் குடித்து முடித்துவிடும். பக்கத்து மண்ணில் ஈரம் இருந்தாலும் அது தானாக நகர்ந்து கட்டிக்குள் வந்துவிடும் என்று நம்ப முடியாது. நர்சரி மண்ணில் தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்திருக்கும். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது கட்டியின் பக்கவாட்டில் வழிந்து கீழே போய்விடும்.

இப்போது உங்கள் குழாயைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 10 லிட்டர் வாளி ஒன்றை உங்கள் குழாய் 40 விநாடியில் நிரப்புகிறது என்று வைப்போம். ஒரு கன்றுக்குப் பத்து விநாடி பிடித்தால் இரண்டரை லிட்டர். அதை ஒரு மீட்டர் அகல வட்டத்தில் தெளித்து அடித்தால் மூன்று மில்லிமீட்டர் மழை பெய்த மாதிரி. வறண்ட மாதங்களில் நம் பக்கம் ஒரு நாளில் ஆவியாகிப் போவதே ஐந்து மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். அப்படியானால் நீங்கள் சாயங்காலம் அடித்தது மறுநாள் மத்தியானத்துக்குள் காற்றோடு போய்விடுகிறது. அதே தண்ணீரில் பாதி இலைமேலும் பக்கத்துப் புல்மேலும் விழுந்திருக்கும், அது வேறு கதை. பையன்கள் உழைக்காமல் இல்லை. உழைப்பு இறங்கும் இடம்தான் தவறு.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். சாத்தே குச்சி, அதாவது இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய குச்சி, ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் தண்ணீர் விட்ட பிறகு, தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கட்டிக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு மெதுவாகக் குத்தி வைத்து, பத்து நிமிஷம் கழித்து உருவுங்கள். குச்சி நெடுகக் கறுத்து மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நுனி வெளுப்பாக, சுத்தமாக வந்தால் கீழே காய்ந்திருக்கிறது. எல்லாக் கன்றிலும் செய்ய வேண்டாம், மேட்டில் இரண்டு, கோயில் பக்கம் இரண்டு போதும். அப்படியே ரொம்பவும் வாடிப்போன ஒரு கன்றின் ஓரத்தைக் கையால் தோண்டிப் பாருங்கள். நடும்போது பாலிபேக்கை முழுசாக உரித்தார்களா, இல்லை அடியை மட்டும் கீறி அப்படியே வைத்துவிட்டார்களா? நிறையப் பேர் சேர்ந்து நடும் விழாக்களில் இது நடக்கும். பிளாஸ்டிக் இருந்தால் பக்கவாட்டில் கத்தரித்து இழுத்து எடுத்துவிடுங்கள், கட்டி உடையாமல்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லயன் வீடுகள் இருந்த இடம் என்கிறீர்கள். அங்கே செங்கல் துண்டும், சிமெண்டுக் கட்டியும், சரளைக் கல்லும் கிடக்கும். குழியைக் கட்டி கட்டியான மண் போட்டு மூடியிருந்தால், கன்றின் கட்டியைச் சுற்றி உள்ளே பொந்து பொந்தாகக் காற்று நிற்கும். அந்தப் பொந்து வழியாகத் தண்ணீர் ஓடிவிடும், வேரும் அதைத் தாண்டி வராது. இதற்கு மருந்து சுலபம். ஒரு வாளித் தண்ணீரைக் குழிக்குள் நிதானமாக ஊற்றி, மண் கூழாகி அமுங்கும்போது மேலே இன்னும் கொஞ்சம் பொடி மண் போட்டு, குதிகாலால் சுற்றி மிதித்து விடுங்கள். தண்டை ஒட்டி மிதிக்காதீர்கள்.

அப்புறம்தான் வரப்பு. ஒவ்வொரு கன்றுக்கும் தண்டை நடுவில் வைத்து 40 அல்லது 50 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் விளிம்பில் உள்ளங்கை அகல உயரத்துக்கு மண் அணைத்துக் கட்டுங்கள். பெரிய வட்டமாகப் போட வேண்டும் என்று ஆசையாக இருக்கும். இப்போது வேண்டாம், வேர் இருக்கும் இடம் சிறியது. மேட்டுச் சரிவில் உள்ள கன்றுகளுக்குப் பள்ளத்துப் பக்கம் வரப்பு உயரமாக இருக்கட்டும், மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கலாம். 45 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து லிட்டர் ஊற்றினால் அது 30 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு நல்ல மழை அந்தக் கன்றுக்கு மட்டும் பெய்த மாதிரி. அது கட்டியின் அடிவரைக்கும் போகும்.

ஐந்து லிட்டரையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். முதலில் அரை லிட்டர் மாதிரி ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போங்கள். ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்து மீதியை ஊற்றுங்கள். காய்ந்து இறுகிய நார்த்தூள் மண் அந்த இடைவெளியில் இளகிக் கொடுக்கும். ஏற்கனவே முரண்டு பிடிக்கும் கட்டி என்றால், சாத்தே குச்சியாலேயே நாலைந்து இடத்தில் குத்தி ஓட்டை போட்டுவிட்டு ஊற்றுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உங்கள் கோயிலிலேயே இருக்கிறது. அன்னதானத்துக்கு வாங்கும் ஐந்து கிலோ சமையல் எண்ணெய் பிளாஸ்டிக் டின்களைத் தூக்கிப் போடாதீர்கள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, அடியை ஒட்டி ஓரத்தில் மெல்லிய ஆணியைச் சூடாக்கி ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். கன்றின் பக்கத்தில், ஓட்டை தண்டைப் பார்த்தபடி வைத்து, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். மூடியை இறுக்கினால் தண்ணீர் வராது. ஓட்டையின் அளவைப் பொறுத்து அரை மணியோ ஒரு மணியோ எடுத்து அது சொட்டிச் சொட்டி இறங்கும். ஒரு துளிகூட வழிந்து கானுக்கு (வடிகாலுக்கு) போகாது. ஊற்றும் ஆள் நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். சரளை மேட்டில் இருக்கும் கன்றுகளுக்கு முதலில் இதைச் செய்யுங்கள். குப்புறக் கவிழ்த்த மினரல் வாட்டர் போத்தல் முறையைப் பலர் சொல்வார்கள். அது கெடுதல் இல்லை. ஆனால் ஒன்றரை லிட்டர் போதாது, மூடித் துவாரம் இரண்டே நாளில் மண் அடைத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தோட்டத்து ஸ்டோரிலிருந்தோ யார் வீட்டுக் கொல்லையிலிருந்தோ கிடைக்கும் பழைய களைக்கொல்லி டின்னை இதற்குத் தொடவே தொடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. ஆனால் பழைய டின்கள் இன்னும் ஏதாவது மூலையில் கிடக்கக்கூடும். கன்றுக்கும் ஆபத்து, அதைத் தூக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

மண்பானை வைக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், தென்னைக்கும் பலாவுக்கும் அருமையான முறை. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பானையைக் கன்றுக்கு ஒரு முழம் தள்ளிப் புதைத்து, நிரப்பி, ஓடு வைத்து மூடிவிட்டால் சுவர் வழியாகக் கசிந்து மண்ணை ஈரமாக வைத்திருக்கும். வர்ணம் பூசிய பானை கசியாது. பொங்கல் வைத்த பானையும் சரியாகக் கசியாது, பாலும் கரியும் ஏறித் துளை அடைந்திருக்கும். கடையில் மீந்த பூசாத பானை கிடைத்தால் வாங்கி, தண்ணீர் நிரப்பி நிழலில் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெளிச்சுவர் ஈரமாக, தொட்டால் ஜில்லென்று இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய பானை. ஆனால் நட்டு ஒன்றரை மாதமே ஆன கன்றின் வேர் பானை வரைக்கும் எட்டியிருக்காது. அதனால் பானை வைத்தாலும் தண்டடியில் கையால் ஊற்றுவதை நிறுத்த முடியாது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? கன்றுகள் இப்போது அடிபட்டிருப்பதால், அடுத்த இரண்டு வாரம் தினமும் ஐந்து லிட்டர் கொடுங்கள். இலை கொட்டுவது நின்றதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மார்ச் நடுவில் வாரம் இரண்டு தடவை, ஆனால் ஒவ்வொரு தடவையும் எட்டு முதல் பத்து லிட்டர், வரப்பையும் இன்னும் ஒரு சாண் வெளியே தள்ளிக் கட்டி. வேர் வெளி மண்ணுக்குப் போக வேண்டுமானால் அங்கே ஈரம் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் தண்டடியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தால் வேரும் அங்கேயே சுருண்டு கிடக்கும். நாள் கணக்கு ஒரு வழிகாட்டிதான், சாத்தே குச்சி சொல்வதே முடிவு.

காலையில் ஊற்றுவது நல்லது, சாயங்காலமும் பரவாயில்லை. மத்தியான வெயிலில் ஊற்றினால் கன்று வெந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கன்று துவண்டு தொங்கினால் மணி இரண்டானாலும் ஊற்றுங்கள், சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம். வெந்துபோவது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் வெயிலில் கிடந்த ரப்பர் குழாய். அதற்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். முதலில் வருவதை வாளியில் பிடித்துத் தனியே வைத்துவிட்டு, குளிர்ந்த பிறகு விடுங்கள்.

நடுவில் ஒரு சாரல் பெய்தால் எல்லாரும் அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்வார்கள். பத்து நிமிஷத் தூறல் கணக்கில் வராது. நேரான பால் டின் ஒன்றைத் திறந்த வெளியில் ஒரு கம்பத்தில் கட்டி வையுங்கள். மழை விட்டதும் ஸ்கேல் வைத்து அளந்தால் 20 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிறதா? இரண்டு மூன்று நாள் ஊற்ற வேண்டாம். இல்லையென்றால் வழக்கம்போல ஊற்றுங்கள். அளந்ததும் டின்னைக் கவிழ்த்துவிட மறக்கக் கூடாது, காரணம் கீழே சொல்கிறேன்.

கெடாவுக்கு வெளியே இருக்கிறவர்கள் மலேசியாவில் வறட்சியா என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை கிளந்தான், திரங்கானு பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி நம்மிடம் வரும்போது வெறும் காற்றாக வருகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கெடாவிலும் பெர்லிசிலும் வருஷத்திலேயே வறண்ட மாதங்கள். இந்த நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி. அது 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது, எல் நினோ வருஷம். நம் பக்கத்துக்கு மழை இரண்டு தவணையாக வரும்: ஏப்ரல், மே ஒரு தவணை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெரிய தவணை. பெரிய தவணை தொடங்கும்போதே நட்டிருந்தால் கன்றுக்கு மூன்று நான்கு மாதம் மழைத் தண்ணீரிலேயே வேர் பிடித்திருக்கும். டிசம்பர் நடுவில் நட்டதால் அந்த வேலை முழுக்க உங்கள் வாளியின் தலையில் விழுந்திருக்கிறது. 2021இல் அரசாங்கம் 10 கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு மரம் நடும் ஆசை எல்லா ஊரிலும் கூடியிருக்கிறது, எனக்கு மிகவும் சந்தோஷம். நடும் தேதியை விருந்தினர் வரும் நாளைப் பார்த்து வைக்காமல் மழையைப் பார்த்து வையுங்கள் என்று மட்டும் எல்லாக் குழுவிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊற்றிய தண்ணீரை அங்கேயே நிறுத்தி வைப்பது மூடாக்கு. மண்ணை நேரடியாக வெயில் பார்க்கக் கூடாது. வரப்புக்குள்ளும் அதைச் சுற்றியும் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, புல், வைக்கோல் எதையாவது பரப்புங்கள். யான், பெண்டாங் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கிடைக்கும், ஒரு லாரிச் சுற்று போனால் வேலை முடிந்தது. உமி பறந்துவிடும், அதை மட்டும் தனியாகப் போடாதீர்கள். தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டுப் பரப்ப வேண்டும். ஈர மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை அழுகும். அதோடு, பால்மர (ரப்பர்) தோட்டம் இருந்த நிலத்தில் பழைய வேரிலும் கட்டையிலும் கறையான் உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்துக் கறையானில் ஒரு வகை உயிருள்ள மரத்தையே தின்னும். பால்மரக் கன்று எத்தனையோ அதற்குப் போயிருக்கிறது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டை வேண்டிய அளவு கிடைக்கும். முள் உள்ள அடிப்பாகத்தைப் பாராங் கத்தியால் வெட்டித் தள்ளிவிட்டு இலைப் பகுதியை மட்டும் போடுங்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் வெறுங்காலில் நடக்கிறார்கள். எண்ணெய் ஆலையிலிருந்து வரும் வெற்றுக் குலை, தண்டான் கோசோங் என்பார்களே, அதுவும் ஈரம் காப்பதில் கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்து வெளியே வரும் வண்டு நேராகப் போய் உங்கள் தென்னங்கன்றின் குருத்தைத்தான் துளைக்கும். தென்னை இருக்கும் இடத்தில் இதைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் யோசனை.

தென்னைக்குத் தேங்காய் மட்டையே போதும். தைப்பூசம் வரப்போகிறது, மட்டைக்குப் பஞ்சமா! ஒரு சின்ன விஷயம்: குழிக்குள் புதைக்கும் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குவார்கள், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரைமேல் மூடாக்காக வைக்கும் மட்டையைக் குழிந்த பக்கம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஒவ்வொரு மட்டையும் கொசுத் தொட்டி ஆகிவிடும்.

அந்தக் கொசு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் தண்ணீர் பிடித்து வைக்கும் தோம்பு (பெரிய பீப்பாய்), எண்ணெய் டின், பானை, மழை அளக்கும் பால் டின் எல்லாமே அதற்கு வீடுதான். தோம்புக்குத் துணியோ கொசுவலையோ போட்டு ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒரு முறை முழுசாகக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி கோயில் நிர்வாகத்துக்கு அபராதம் வரும். அதைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டெங்கி வந்தால் மரம் நட்ட நல்ல காரியத்துக்கே கெட்ட பேர்.

நிழலும் கொஞ்சம் வேண்டும். பலா, நாகலிங்கம் இரண்டுக்கும் மேற்குப் பக்கம் இரண்டு ஓலை மட்டைகளைச் சாய்த்து ஊன்றி, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வரும் வெயிலை மறைத்து விடுங்கள். காலை வெயில் படட்டும். நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வளர்ந்த கன்றைத் திடீரென்று வெட்டவெளியில் வைத்தால் இலை ஓரம் கருகத்தான் செய்யும், தண்ணீர் குறையாவிட்டாலும்கூட. வேம்புக்கு இந்தச் செல்லம் தேவையில்லை.

சுற்றிலும் லாலாங் புல் இருந்தால் ஊற்றும் தண்ணீரில் பெரும் பங்கை அதுதான் குடிக்கும். தோட்டத்தில் வட்டம் வெட்டுவது என்பார்களே, அதுபோல ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மீட்டருக்குப் புல்லை வேரோடு எடுத்துவிட்டு மூடாக்குப் போடுங்கள். புல்வெட்டும் மெஷினைக் கன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. நைலான் கயிறு தண்டைச் சுற்றி ஒரு தடவை பட்டையைச் சீவிவிட்டால் அப்புறம் நீங்கள் ஆற்றையே திருப்பிவிட்டாலும் அந்தக் கன்று பிழைக்காது. காய்ந்த லாலாங்கில் யாராவது சிகரெட்டை வீசினால் தீ ஓடி வரும். அதற்கும் அந்த வெற்று வட்டம் ஒரு காவல், ஆனால் தீக்கு மேட்டுப் பகுதியின் வெளி எல்லையில் அகலமாக ஒரு கோடு செதுக்கி வைப்பது இன்னும் நல்லது. வெட்டிய புல்லை அங்கேயே கொளுத்தாதீர்கள்.

இலை எல்லாம் கொட்டிவிட்ட கன்றைச் செத்தது என்று பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். பிப்ரவரியில் பால்மரத் தோப்பைப் பாருங்கள், மொட்டையாக நிற்கும். தண்ணீர் குறையும்போது செலவைக் குறைக்க இலையை உதிர்ப்பது மரத்தின் இயல்பு. கன்றின் மேல் நுனியில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பட்டைக்குக் கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, ஐந்து லிட்டரைத் தொடருங்கள். ஆனால் ஒட்டுக் கன்றில் ஒட்டுக்குக் கீழே மட்டும்தான் பச்சை என்றால் வளர்வது காட்டு மாங்கன்றுதான். அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

இந்த நிலையில் யூரியாவோ வேறு உரமோ போட்டால், காய்ந்த மண்ணில் அந்த உப்பு வேரிலிருந்தே தண்ணீரை இழுத்துவிடும். வறட்சியில் உரம் போடக் கூடாது என்பது தோட்டத்தில் சின்னக் கிராணியிலிருந்து பெரிய துரை வரைக்கும் தெரிந்த விஷயம். மாங்கன்று சின்னதாக இருக்கும்போதே பூ விட்டால் கிள்ளி எறியுங்கள். “மாமரத்துக்குக் காய்ச்சல் வேண்டும், தண்ணீர் விடாதே” என்று யாராவது வந்து சொல்வார்கள். வளர்ந்து காய்க்கும் மரத்துக்கு அது சரி. பெர்லிஸ் ஹருமானிஸ் மாம்பழம் அவ்வளவு நன்றாக வருவதே அந்த ஊரின் வறண்ட மாதங்களால்தான், காய்ச்சலில்தான் மரம் பூக்கும். ஒன்றரை மாதக் கன்றுக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

குழாயடிக்குப் பக்கத்தில் உள்ள கன்றுகளை மட்டும் தனியாகப் பாருங்கள். அங்கே பிரச்சினை நேர் எதிராக இருக்கலாம். இலை கருகாமல் மஞ்சளாகித் துவண்டால், குச்சி சொதசொதவென்று வந்தால், மண்ணில் புளித்த வாடை அடித்தால் வேர் மூச்சு முட்டுகிறது. இரண்டு நோயிலும் இலை ஒரே மாதிரி துவளும், அதனால்தான் குச்சியைப் பார்க்காமல் வாளியைத் தூக்கக் கூடாது என்கிறேன். அந்தக் கன்றுகளுக்கு வரப்பை உடைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கான் இழுத்து, ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது? 24 கன்றுக்கு ஐந்து லிட்டர் என்றால் 120 லிட்டர், ஒரு நீலத் தோம்பில் அடங்கும். குழாயில் அழுத்தம் குறையும் நாட்களுக்கு இராத்திரியே நிரப்பி வைத்துவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர், ஏர்கண்டிஷனிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் நல்லதே. துணி அலசிய கடைசித் தண்ணீரும் பரவாயில்லை, குளோரோக்ஸ் (வெளுக்கும் திரவம்) கலந்தது ஆகாது. அபிஷேகத் தண்ணீரைப் பால், தேன், பஞ்சாமிர்தத்தோடு சேர்த்து ஒரே கன்றின் அடியில் தினமும் ஊற்றாதீர்கள். எறும்பு ஏறும், எறும்போடு மாவுப்பூச்சி வரும். பெரிய மரத்தடியில் ஊற்றலாம்.

ஆள் பிரச்சினைதான் இதில் உண்மையான சிக்கல். எல்லாரும் பொறுப்பு என்றால் யாரும் வர மாட்டார்கள். தோட்டத்தில் மீதி இருக்கும் வீடுகளும், பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்து கோயிலுக்கு வருகிற குடும்பங்களும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு கன்று வரும். யாருக்கு எது என்று எழுதி கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முழங்கால் வலிக்கும் பாட்டிக்குக் கோயில் வாசலில் உள்ள கன்றைக் கொடுங்கள், மேட்டை இளைஞர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பால்வெட்டுக்குப் போன கைகள் அவை, ஒரு கன்று வாடினால் உங்களுக்கு முன்னால் அந்தப் பாட்டிகளுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு எல்லாரும் சுங்கை பட்டாணிக்கும் பினாங்குக்கும் போய்விடும் அந்த மூன்று நான்கு நாட்கள், அப்புறம் சீனப் புத்தாண்டு விடுமுறை, இவை இரண்டும்தான் ஆபத்தான நாட்கள். கிளம்புவதற்கு முதல்நாள் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு தவணையாகப் பத்து லிட்டர் கொடுத்து, மூடாக்கை இன்னும் ஒரு பிடி கனமாக்கி, மேற்கு நிழலைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். போகாமல் ஊரில் இருக்கும் ஒருவரிடம் மேட்டுக் கன்றுகளை மட்டுமாவது ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் மழை பிடித்ததும் வரப்பை ஒரு பக்கம் உடைத்து விடுங்கள், இல்லையென்றால் கன்று குளத்தில் நிற்கும். மண் நன்றாக நனைந்து புதுத் தளிர் வந்த பிறகு, மக்கிய மாட்டெரு இரண்டு கை, தண்டிலிருந்து தள்ளிப் போடலாம். ஜூன், ஜூலையில் ஒரு சின்ன வறட்சி வரும், அப்போது வாரம் ஒரு முறை 10 லிட்டர். அடுத்த ஜனவரியில் வேம்புக்குப் பெரும்பாலும் உங்கள் உதவி தேவைப்படாது. மாவுக்கும் தென்னைக்கும் வாரம் ஒரு முறை 20 லிட்டர், வட்டத்தை இலை விழும் விளிம்பு வரை அகலமாக்கி. பலாவையும் நாகலிங்கத்தையும் மூன்றாவது வறட்சி வரைக்கும் விடாமல் கவனியுங்கள். இந்த வருஷம் பிழைக்காத கன்றுகளுக்குப் பதில் கன்றை இப்போதே வாங்கி, கோயில் பின்புறம் நிழலில் பாலிபேக்கிலேயே வளர்த்து, செப்டம்பரில் வரும் முதல் மழையில் நட்டுவிடுங்கள்.